வாசகர் கேள்வி–பதில்: ஹேண்டில் சுற்றினால் உயிர் பெறும் கார்

போன மாதம் ராயபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களை நிறுத்திக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். 1914ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் டி ஒன்று, முழுக்கப் பிரித்து மறுபடி கோத்த வண்டி, வந்தவர்களையெல்லாம் நகரவிடாமல் கட்டிப்போட்டது. கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே வந்திருப்பதால் இந்தமுறை வேறு எதற்கும் இடமில்லை.

கேள்வி: வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு அந்தப் பெரியவர் ஸ்டியரிங் பக்கம் போய் ஒரு சின்னக் கம்பியை மேலே தள்ளிவிட்டு வந்தார். பிறகு முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடித்தபோது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டியே வைத்துக்கொண்டார். ஏதாவது சம்பிரதாயமா? (வாசகர், ராயபுரம்)

சம்பிரதாயம் இல்லை, கை எலும்பைக் காப்பாற்றும் வேலை. இன்றைய வண்டிகளில் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். அந்தக் காரில் ஓட்டுகிறவர்தான் கையால் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நீங்கள் பார்த்த கம்பி அதற்குத்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழுவது நல்லது, ஆனால் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றும்போதும் அப்படி முந்தி விழுந்துவிட்டால் வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பி உதைக்கும், அந்த உதை நேராக உங்கள் மணிக்கட்டுக்கு வரும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் ஹேண்டில் அதையும் இழுத்துக்கொண்டு போகும், ஒட்டி வைத்திருந்தால் கை தானாக விடுபடும். அவர் இடது கையால், கீழிருந்து மேலே இழுத்தாரே, அதுவும் இதே காரணத்துக்குத்தான். கொத்தவால்சாவடிக்கு அந்தக் காலத்தில் லாரி ஓட்டிய பெரியவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், விரலை எப்படி வைக்கவேண்டும் என்று செய்தே காட்டுவார்கள்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டிய மின்சார ஸ்டார்ட்டரை 1912 மாடல் காடிலாக் கார்களில் கொண்டுவந்தார்கள், சார்லஸ் கெட்டரிங்கின் கைவண்ணம் அது. மாடல் டி வாங்குகிறவர்களுக்கு அது 1919இல்தான் கிடைத்தது.

கேள்வி: என் மகன் பதினைந்து வருடமாக டாக்சி ஓட்டுகிறான். அவனே அந்தக் காரின் மூன்று பெடல்களையும் பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லை என்றான். மேட்டில் ரிவர்ஸில் ஏறுவார்களாமே, உண்மையா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

அனுபவசாலிகளுக்குத்தான் அது அதிகம் குழப்பும் அம்மா, காலுக்குப் பழகியதெல்லாம் அங்கே வேறு இடத்தில் இருக்கிறது. வலது ஓரப் பெடல் பிரேக். நடுப் பெடல் ரிவர்ஸ். இடது பெடலை முழுக்க மிதித்தால் வண்டி முதல் கியரில் போகும், பாதியில் பிடித்தால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் இரண்டாவது கியர். மொத்தமே முன்னால் போக இரண்டு கியர்தான். ஆக்சிலரேட்டர் காலில் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கம் சின்ன நெம்புகோலாக இருக்கிறது. கையால் இழுக்கும் பெரிய கம்பி பின்சக்கர பிரேக்குக்கு, அதுவே நியூட்ரலுக்கும் உதவும். முன்சக்கரத்தில் பிரேக்கே இல்லை.

மேட்டுக் கதை உண்மைதான். பெட்ரோல் டாங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பம்ப் எதுவும் கிடையாது, டாங்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தானாக வழிந்து போகவேண்டும். செங்குத்தான மேட்டில் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால், அதிலும் டாங்க் காலியாகிற நிலையில் இருந்தால், பெட்ரோல் போய்ச் சேராது. அதனால் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினார்கள். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்துக்கெல்லாம் அது தேவைப்படாது.

கேள்வி: முன்விளக்கு பித்தளையில் அழகாக இருந்தது. ஏற்றியபோது வெல்டிங் பட்டறை வாடை வந்ததே? (வாசகர், கொருக்குப்பேட்டை)

உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், வெல்டிங்குக்குப் பயன்படும் அதே வாயு. படிப்பலகை மேல் இருந்த பித்தளை டப்பாவைக் கவனித்தீர்களா? மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல். அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாக வாயு விளக்குக்குப் போகிறது, தீக்குச்சியால் ஏற்றவேண்டும். பக்க விளக்குகளும் பின்விளக்கும் மண்ணெண்ணெயில் எரிபவை. மாடல் டிக்கு மின்சார முன்விளக்கு 1915இல் வந்துவிட்டது, ஆகவே இந்த வண்டி கார்பைட் காலத்தின் கடைசி ஆட்களில் ஒன்று. அதை அப்படியே வேலை செய்ய வைத்திருக்கிறார்களே, அதற்காக அந்த உரிமையாளரின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கேள்வி: நம்ம ஊரில் முதல் கார் யாருடையது? இந்த மாதிரிக் கார் எல்லாம் எப்படி இங்கே வந்தது? (வாசகர், மண்ணடி)

பதிவு எண்ணைக் கணக்கில் எடுத்தால், சென்னையின் எம்.சி. 1 சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய கார். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, 1904இலிருந்து 1919 வரை துறைமுகத்தின் தலைவர், கிழக்கே திறந்திருந்த பழைய வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் அமைத்துத் துறைமுகத்தைப் புயலிலிருந்தும் மணலிலிருந்தும் மீட்டவர். கார் வைத்திருந்த முதல் சென்னை இந்தியர் என்று நம்பெருமாள் செட்டியாரைச் சொல்வார்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிற்கிற உயர் நீதிமன்றத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் அவர்தான். அதற்கும் மேலே ஒரு பெருமை இருக்கிறது: 1903இலேயே சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரை இங்கேயே செய்து ஓட்டிக்காட்டினார்.

இந்த மாடல் டி போன்றவை பெரும்பாலும் கனடாவிலிருந்து வந்தவை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு, பிரிட்டனைத் தவிர, கார் அனுப்பும் உரிமை ஃபோர்டின் கனடா கம்பெனியிடம் இருந்தது, அதனால்தான் ஸ்டியரிங் வலப்பக்கம். இந்தியாவில் ஃபோர்டு தனிக் கம்பெனி தொடங்கியது 1926இல்தான். அதுவரை எல்லாம் கப்பலில்தான், சென்னைக்கு வந்தவை நம்ம துறைமுகத்தில்தான் தரையைத் தொட்டன.

கேள்வி: எண்ணூரிலும் கார் செய்தார்கள் என்று தாத்தா சொல்வார். லாரிதானே? (வாசகி, எர்ணாவூர்)

தாத்தா சொன்னது சரி. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கே ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து விற்றது. 1955இல்தான் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது.

கேள்வி: பக்கத்திலேயே இன்னொரு பழைய கார், பெயிண்ட் உரிந்து, சீட் கிழிந்து நின்றது. அதைச் சுற்றியும் கூட்டம்! சரிபண்ணாத வண்டியை எதற்குக் கொண்டுவந்தார்கள்? (வாசகர், தண்டையார்பேட்டை)

எனக்கு அந்த வண்டியும் உயிர். முதலில் அடித்த பெயிண்ட், முதலில் தைத்த தோல், முதல் உரிமையாளர் கை தேய்த்துத் தேய்த்து மங்கிய கதவுப்பிடி, இவையெல்லாம் ஒருமுறை போனால் எந்தப் பட்டறையாலும் திருப்பித் தரமுடியாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும் இதைத்தான் சொல்கிறது, காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்று, மாற்றியே ஆகவேண்டியதை மட்டும் மாற்று என்று.

அப்படியென்றால் மாடல் டியை ஏன் முழுக்கப் பிரித்தார்கள்? அதன் பாடி வெறும் தகரம் இல்லை, உள்ளே மரச்சட்டம், அதன்மேல்தான் தகடு. இந்த வண்டியின் சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்ததாக உரிமையாளர் சொன்னார். கரையான் தின்ற சட்டத்தைக் காட்சிக்கு வைத்து என்ன பயன்? பிரித்ததுதான் நியாயம். பிரித்தபிறகும் அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்தமுறை எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் இதைக் கவனியுங்கள்: 1914ஆம் வருடத்துக் காரில் குரோமியம் மின்னக்கூடாது, அது கார்களுக்கு வந்ததே 1920களின் கடைசியில்; இதில் எல்லாம் பித்தளை. ஸ்டார் ஸ்க்ரூ இருக்கக்கூடாது, அது 1930களில் வந்தது. இதில் அத்தனையும் ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூ, குனிந்து பார்த்தேன். கறுப்பும் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கார் செய்யத் துணிந்த தொழிற்சாலை அது, 1914இல் ஒரு சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைக் கோக்கும் நேரத்தைப் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள், அங்கே யாரும் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கவில்லை. கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி மினுக்குகிற பழைய கார்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணே, வியாசர்பாடியில் சின்னதாக லேத்து பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டி வேலை நம்மால் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? (இளைஞர், வியாசர்பாடி)

தம்பி, இதைக் கேட்க நீங்கள் சரியான ஊரில்தான் இருக்கிறீர்கள். 1855இல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜின் பல பத்தாண்டுகள் ஓடாமல் காட்சிப்பொருளாக நின்றது, அதை 2010இல் மறுபடி தண்டவாளத்தில் ஓடவைத்தது உங்கள் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். நூற்றைம்பது வருடத்து இன்ஜினை எழுப்பிய கைகள் இருக்கிற பகுதி இது.

மாடல் டி இன்ஜினில் மாற்றிப்போடுகிற பேரிங் கிடையாது. வெள்ளீயம், ஆன்டிமணி, செம்பு கலந்த வொயிட் மெட்டலை உருக்கி நேராக ஊற்றவேண்டும், ஆறியபிறகு போர் பண்ணி, நீலச்சாயம் தடவிக் கிராங்கைச் சுற்றிப் பார்த்து, சாயம் ஒட்டுகிற மேட்டையெல்லாம் ஸ்கிரேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டவேண்டும். ஊற்றுகிற சூடு தவறினால் பிடிக்காது, சுரண்டுவதில் அவசரப்பட்டால் முதலிலிருந்து ஊற்றவேண்டியதுதான். கடல் இன்ஜின், பழைய பம்ப் வேலை பார்த்த வயதான மிஸ்திரிகள் காசிமேட்டுப் பக்கம் இருந்தால் தேடிப்பிடித்து அவர்களிடம் இதை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆயில் பம்பும் இல்லை, இன்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் வாரி அடிக்கிற எண்ணெய்தான் எல்லா இடத்துக்கும் போகிறது, அளவு பார்க்க அடியில் இரண்டு சின்னக் குழாய்கள், திறந்தால் எண்ணெய் வருகிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீருக்கும் பம்ப் இல்லை, சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும், அவ்வளவே. சக்கர ஆரங்கள் மரம். நம்ம சித்திரை வெயிலில் மரம் சுருங்கி ஆரம் ஆட ஆரம்பிக்கும், அதைக் கவனிக்காமல் ஓட்டுவது ஆபத்து. அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். கார்புரேட்டருக்குள் மிதக்கிற கார்க் துண்டுக்கு அந்தக் காலத்தில் ஷெல்லாக் பூசியிருப்பார்கள், எத்தனாலில் அது கரைந்துவிடும், கார்க் ஊறி மூழ்கி, பெட்ரோல் வெளியே வழியும். பித்தளை மிதவை போட்டுவிடுங்கள், வண்டி நிற்கப்போகிறது என்றால் டாங்கை வடித்துவிடுங்கள்.

உதிரிபாகத்துக்குப் பயப்படவேண்டாம். 1908இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி செய்திருக்கிறார்கள், இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஒருமுறை கோயம்புத்தூர் ஜீடி கார் மியூசியத்துக்குப் போய் ஒரு பகல் முழுக்கச் சுற்றிப்பாருங்கள்.

கேள்வி: எனக்கும் ஓட்டிப்பார்க்க ஆசை. அந்தக் காலத்தில் பெண்கள் கார் ஓட்டியிருக்கிறார்களா? (கல்லூரி மாணவி, எம்.கே.பி. நகர்)

முதல் நெடுந்தூரக் கார் பயணமே ஒரு பெண்ணுடையதுதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, கணவர் கார்லுக்குச் சொல்லாமல், ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார், குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். அவர் போய்வந்தபிறகுதான் இந்த வண்டியால் உண்மையாகவே ஊருக்குப் போகமுடியும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நீங்கள் தாராளமாக ஓட்டலாம், முதலில் ஒரு காலி மைதானத்தில் அந்த மூன்று பெடலுக்கும் கால் பழகட்டும்.

கேள்வி: இப்படி ஒரு காரை வாங்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமா? (வாசகர், பெரம்பூர்)

விண்டேஜ் என்று பதிவு செய்தால் முடியாது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு இந்தப் பதிவு கிடைக்கும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது, இவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம், வியாபாரத்துக்கு ஓட்டக்கூடாது.

கேள்வி: நான் அந்த மஞ்சள் ரேடியேட்டரைத் தொடப்போனபோது அப்பா திட்டினார். தொடக்கூடாதா? அது எவ்வளவு வேகம் போகும்? (ஐந்தாம் வகுப்பு, திருவொற்றியூர்)

மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வரை போகும் கண்ணா, ஆனால் அந்த வயசு வண்டியை 50க்கு மேல் விரட்டமாட்டார்கள். அப்பா சொன்னது சரி, பித்தளையில் வியர்வைக் கை பட்டால் கறை பிடிக்கும், நம்ம கடல்காற்றுக்கே அதை அடிக்கடி துடைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதோடு ஓடி நின்ற வண்டி என்றால் ரேடியேட்டர் கையைச் சுட்டுவிடும். உரிமையாளரிடம் போய், "தாத்தா, அந்த ஹார்னை ஒருமுறை அமுக்கட்டுமா?" என்று கேள். ரப்பர் பந்து ஹார்ன், அமுக்கினால் ஒன்றும் கெடாது. பெரும்பாலும் சரி என்பார்கள்.