கண்டெய்னர் நிற்கும் இடம் யாருடையது?

கேள்வி: எங்கள் நிலத்தில் எதிரெதிர் வரிசையாக 10 ஷெட் கட்டி, வெவ்வேறு தொழில்களுக்கு 5 வருட லீசுக்கு விட்டிருக்கிறோம். நடுவில் 18 மீட்டர் அகலப் பொது முற்றம். ஒருவருக்கு வரும் 40 அடி கண்டெய்னர், எதிர் ஷெட்டின் ஷட்டரை மறித்து நிற்கிறது. அதைச் சொல்லி எதிர் ஷெட்காரர் 5 மாதமாகப் பராமரிப்புக் கட்டணம் தரவில்லை. வாடகை மட்டும் வருகிறது. இன்னொருவர் கேட்காமலே பெயின்ட் பூத் வைத்துவிட்டார். இரண்டாம் கட்டமாக 14 ஷெட்டுக்கு வரைபடம் தயாராகிறது. இப்போது என்ன செய்யலாம்? அடுத்த பத்திரத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: முதலில் முற்றத்தை அளந்து பாருங்கள். 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், முன்வண்டியோடு சேர்த்து 16 மீட்டரை ஒட்டி வரும். அது ஷட்டருக்கு நேராகப் பின்வாங்கி நின்றால் உங்கள் 18 மீட்டரில் மிஞ்சுவது 2 மீட்டர். எதிர்ப்பக்கம் ஒரு வேன்கூட நுழையாது. இதில் டிரெய்லர்காரர் மீதும் தவறில்லை, எதிர் ஷெட்காரர் மீதும் தவறில்லை. கொடுக்க முடியாத இடத்தை இருவருக்கும் கொடுத்திருக்கிறீர்கள்.

"பொது முற்றத்தை அனைவரும் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். எவ்வளவு நேரம், எந்த அளவு வண்டி, எந்தக் கோட்டுக்குள் என்று எதுவும் இராது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108(சி)படி, வாடகையைக் கட்டி ஒப்பந்தத்தை மதிக்கும் குத்தகைதாரர் இடையூறில்லாமல் அனுபவிக்க இடம் தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும். எதிர் ஷெட்காரர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் "ஒப்பந்தத்தை மதிக்கும்" என்பது அவரையும் கட்டும். கட்டணத்தை நிறுத்தி வைத்ததால் அவர் பக்கமும் பலவீனம்தான். இரு தரப்புக்கும் ஓட்டை இருக்கும்போது நோட்டீஸை விட பேச்சு மலிவு.

பேசும்போது கையில் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, பராமரிப்புக் கணக்கு: காவல், விளக்கு, தண்ணீர், சாலை எனத் தலைப்பு வாரியாக, பில் நகலோடு. மற்றொன்று முற்ற விதிகள்: டிரெய்லர் வரும் நேரம், இறக்க அதிகபட்ச நேரம், காத்திருக்கும் வண்டிக்கு வாசலை ஒட்டித் தனி இடம். ஒப்புக்கொண்டதைத் துணை ஒப்பந்தமாக எழுதி, மூலப் பத்திரம் பதிவானது என்பதால் இதையும் பதிவு செய்யுங்கள். பாக்கிக்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கவே கூடாது. மறுநாளே தடையாணை கேட்டு மனு வரும். அதுவரை அவர் செய்த தவறெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

பெயின்ட் பூத் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். பத்திரத்தில் பயன்பாடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது? "தொழில் நடத்த" என்று மட்டும் இருந்தால் கை கட்டப்பட்ட மாதிரி. "உலோகப் பாகங்கள் பொருத்துதல்" என்று குறிப்பாக இருந்தால், வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற பிரிவு 108(ஓ) உதவும். மீறினால் குத்தகை முடியும், உரிமையாளர் மீண்டும் நுழையலாம் என்ற சரத்து பத்திரத்தில் இருந்தால் மட்டுமே 111(ஜி) கைகொடுக்கும். அப்போதும் 114ஏ படி, மீறல் என்ன என்று குறிப்பிட்டு, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கரைப்பான் ஆவி நிறைந்த பூத், பக்கத்து ஷெட்டின் தீ ஆபத்தையும் காப்பீட்டையும் சேர்த்து மாற்றுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகலையும் கேளுங்கள். "அது அவர் பாடு" என்று ஒதுங்கவும் முடியாது. ஒரே வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களைத் தொழிற்சாலைகளுக்கு விட்டால், அணுகுசாலை, வடிகால், தண்ணீர், விளக்கு, கழிப்பிடம் போன்ற பொது வசதிகளின் பொறுப்பைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 93 உரிமையாளர் மேல் வைத்தது. அதன் இடத்தில் வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் பிரிவு 80, தீத்தடுப்பு உள்ளிட்ட பொது வசதிகளுக்கு உரிமையாளரையும் அவற்றைப் பயன்படுத்துவோரையும் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது.

இனி இரண்டாம் கட்டம். சரத்துகளை எழுதுவதற்கு முன்பே வக்கீலும் கட்டட வடிவமைப்பாளரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். பொதுப் பகுதிச் சண்டைகளின் தீர்ப்பு வரைபடத் தாளில்தான் எழுதப்படுகிறது. டிரெய்லர் வரும் வரிசைக்குக் குறைந்தது 35 மீட்டர் ஆழம் விடுங்கள்; இடமில்லையென்றால் எதிர் வரிசையை எடுத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள். ஷெட் எண்ணிக்கை குறையும் என்று வருத்தப்படுவீர்கள். காலியாகக் கிடக்கும் ஷெட் அதைவிட நஷ்டம்.

பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியான தபசிலில் செக்குபந்தியோடு (நான்கு எல்லை விவரம்) நிறுத்தாமல், அளவிட்ட வண்ண வரைபடம் இணையுங்கள். குத்தகை இடம் சிவப்பு, வழிநடை பாத்தியம் உள்ள பாதை நீலம், அவருக்கு மட்டுமான ஏற்றிறக்கு இடம் மஞ்சள், மற்ற பொது இடம் பச்சை. எந்த வண்ணத்தில் யார் என்ன செய்யலாம் என்பதைச் சரத்தில் சொல்லுங்கள். 1 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். வரைபடத்தின் உண்மை நகலும் சேர்ந்து சார்பதிவாளரிடம் போக வேண்டும். 11 மாதப் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகும் பழக்கம் இங்கே வேண்டாம். பத்திரம் மௌனமாக இருந்தால், உற்பத்திக்கான குத்தகையை முடிக்க சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 106 கேட்பது 6 மாத அறிவிப்பு.

வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை இன்னும் உண்டு. ஒவ்வொரு ஷெட்டின் கழிவுநீரும் பொது வடிகாலில் சேரும் முன் தனிச் சோதனைத் தொட்டி இருந்தால், எண்ணெய் யாருடையது என்ற தகராறே வராது. பிரிக்கும் சுவர் கூரையின் அடி வரை போகட்டும். பொய்க்கூரையோடு நின்றால் புகை அடுத்த ஷெட்டுக்கு இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் பொது என்றால் யாருக்கு எத்தனை கேவிஏ (மின்திறன் அளவு) என்று எண்ணாக எழுதுங்கள். ஆனால் மின்சாரத்தை நீங்கள் வாங்கி, லாபம் வைத்து விற்கும் ஏற்பாடு மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 12 கேட்கும் உரிமத்தில் சிக்கலாம். மின்வாரியத்திடம் ஒவ்வொருவரும் நேரடி இணைப்பு வாங்குவதே பாதுகாப்பு.

பராமரிப்புப் பங்கைச் சதுர அடி வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். தண்ணீருக்கு மீட்டர்படி; சாலைப் பழுதுக்கு, வரும் கனரக வண்டிகளின் எண்ணிக்கைப்படி. காலி ஷெட்டின் பங்கு உங்களுடையது என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் 9 பேர் 14 பேரின் செலவைச் சுமக்கிறோம் என்று கணக்குக் கேட்பார்கள், நியாயமாகவே. இந்தக் கட்டணம் வாடகையின் பகுதியாகவே கருதப்படும் என்ற வரியைச் சேர்த்தால், பாக்கி வந்தால் வாடகை பாக்கிக்கான வழியிலேயே போகலாம். முத்திரைத் தீர்வைக் கணக்கில் அதன் விளைவை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய டிரெய்லர்காரருக்குப் புதிய வரிசையின் கடைசி ஷெட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர் சம்மதித்தால், பழைய குத்தகையை ஒப்படைப்புப் பத்திரம் பதிவு செய்து முடித்து, முன்பணத்தைப் புதியதற்கு மாற்றுங்கள். எதிர் ஷெட்காரரின் 5 மாதப் பாக்கியை அதன் பிறகு கேட்டால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.