எடை மெஷின் வாங்கப் போறியளா? கேட்டதுக்கெல்லாம் மொத்தமா பதில்

ரெண்டு வாரமா ஆளாளுக்கு எடை மெஷின் பத்தியே கேக்குறதால, தனித்தனியா சொல்லி வாய் வலிக்குறதுக்கு ஒரே எடத்துல எழுதிப் போட்டுரலாம்னு உக்காந்துட்டேன். கோட்டாறு மார்க்கெட் பக்கம் கடைக்காரங்க தராசு, எலக்ட்ரானிக் மெஷின் எல்லாம் கழட்டி மாட்டுறது நமக்கு தொழிலு, பழைய வெள்ளிக்காசு சேக்குறது கிறுக்கு, ரெண்டும் ஒண்ணா சேந்ததால எந்நேரமும் ஏதாவது நிறுத்துட்டே இருப்பேன்.

தக்கலையில இருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, ரெசின்ல கீச்செயின் செய்றேன். 500 கிராம் வரைக்கும் 0.01 கிராம் துல்லியம்னு ஒரு மெஷின் 400 ரூபாய்க்கு வருது, வாங்கலாமா?

தம்பி, திரையில ரெண்டு புள்ளி எண் தெரியுதுங்கறதும் அது சரியா இருக்குங்கறதும் வேற வேற. ஒரு கணக்கு போட்டு பாரு, 500 கிராம 0.01 ஆல வகுத்தா 50,000 பங்கு. காய்கறிக்கடையில இருக்கே 30 கிலோ மெஷினு, 5 கிராம் 5 கிராமா ஏறும், அது வெறும் 6,000 பங்கு தான். கடைக்கு முத்திரை போட்டு குடுக்குற அந்த கிளாஸ் 3 மெஷினுக்கு 10,000 பங்குக்கு மேல அனுமதியே கெடையாது. அப்போ 400 ரூபா பெட்டி ஒண்ணு 50,000 பங்கு காட்டுதுன்னா கடைசி எண்ணு சும்மா ஆடிட்டு கெடக்கும், அவ்ளோதான் விஷயம்.

உனக்கு 0.1 கிராம் போதும். 30 கிராம் கலக்குறேன்னு வை, 20 ரெசின், அத கெட்டியாக்குற ஹார்டனர் 10, அந்த 10ல 0.1 தப்புனா நூத்துல ஒரு பங்கு தான். ஆனா பாட்டில்ல எழுதியிருக்க அளவு எடைக்கா கொள்ளளவுக்கான்னு மொதல்ல படிச்சுக்கோ, பாதி பேரு அதுல தான் கோட்டை விடுறான், அப்புறம் ஒட்டிக்கிட்டே கெடக்கு காயலன்னு மெஷின திட்டுறது. பொதுவா என்கிட்ட கேட்டா, ஒரே மெஷின்ல எல்லாம் வேணும்னு அலையாண்டாம், அடுக்களைக்கு 5 கிலோ வரை 1 கிராம் மெஷின் ஒண்ணு, சின்ன வேலைக்கு 200 கிராம் வரை 0.01 பாக்கெட் மெஷின் ஒண்ணு, இதுவும் 20,000 பங்கு ஆகுது தான், அதனால கடைசி எண்ணுல ஒண்ணு ரெண்டு ஆடும்னு வச்சுக்கோ, ரெண்டும் சேத்தாலும் ரொம்ப காசு ஆகாது.

நாகர்கோவில்: புது மெஷின்ல 500 கிராம் படிக்கல்லு வச்சா 499.4, 499.5ன்னு மாறி மாறி காட்டுது. கல்லு நல்ல கல்லு தான். டூப்ளிகேட் மெஷினா அண்ணே?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு, ஏன்னா இது நம்ம ஊருக்குன்னே உள்ள கேள்வி. டூப்ளிகேட் எல்லாம் கெடையாது. டிஜிட்டல் மெஷினுக்கு உள்ள இருக்கது ஒரு அலுமினியக் கட்டை, அதுக்கு பேரு லோட் செல், அதுக்கு மேல மெல்லிசா கம்பி மாதிரி ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கும், பாரம் வச்சா கட்டை கண்ணுக்கு தெரியாத அளவு வளையும், கேஜோட மின்தடை மாறும், அத எண்ணாக்கி காட்டும். அதாவது அது பாக்குறது பூமி அந்த கல்ல எவ்வளவு இழுக்குதுங்கறத. அந்த இழுவை எல்லா ஊர்லயும் ஒண்ணு கெடையாது, பூமத்திய ரேகைகிட்ட வர வர கொறையும். கன்னியாகுமரி அட்சரேகை கிட்டத்தட்ட 8 டிகிரி, டெல்லி 28க்கு மேல. அந்த இழுவைய எண்ணா சொன்னா இங்க 9.781, அங்க 9.792ன்னு வரும், 0.11 சதவீதம் வித்தியாசம். 500 கிராமுக்கு அது 0.55 கிராம். 500ல 0.55 போனா 499.45. பாத்தியளா! நிறைய மெஷின் வர்ற சீனாவோட ஜெஜியாங் மாகாணமும் அதே டெல்லி அட்சரேகை பக்கம் தான் இருக்கு, அங்க செட் பண்ணி பெட்டியில போட்டா இங்க வந்து கொறச்சு தான் காட்டும்.

பழைய ரெண்டு தட்டு தராசுக்கு இந்த தொல்லை இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொறையுறதால முள்ளு நடுவுல தான் நிக்கும். டிஜிட்டல் மெஷின எந்த ஊர்ல வச்சு பாவிக்கிறியளோ அந்த ஊர்லயே ஒரு தடவை கேலிப்ரேட் பண்ணணும், அதாவது எடை தெரிஞ்ச கல்ல வச்சு மெஷின சரிப்படுத்தணும்னு நான் தொண்ட கிழிய சொல்றது இதுக்குத் தான்.

அதே ஆளு: சரி, அத எப்படி பண்றது?

மெஷின சமமான எடத்துல, ஆடாத மேசை மேல வையுங்க, கிரானைட் மேடை ரொம்ப கொள்ளாம். ஆன் பண்ணி அஞ்சு பத்து நிமிசம் சும்மா விடுங்க, ஏசி ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்தா இன்னும் கொஞ்சம் கூட. தட்டுல ஒண்ணும் இல்லாம, கேல்னு இருக்க பட்டன, அது இல்லாட்டி மோட் பட்டன, அமுக்கி புடிச்சா கேல்னு காட்டும், திருப்பி அமுக்குனா 100.00, 200.00ன்னு ஒரு எண்ணு மின்னும், அது கேக்குற கல்ல தட்டுக்கு நடுவுல பைய வையுங்க, பாஸ்னு வந்ததும் எடுங்க. எந்த பட்டன்னு மெஷினுக்கு மெஷின் மாறும், கூட வர்ற துண்டு பேப்பர தூக்கிப் போடாண்டாம். 1 கிராம் அடுக்களை மெஷின்ல முக்காவாசிக்கு இந்த வசதியே கெடையாது, அதுல வர்ற அரை கிராம் தப்பு தோசைமாவுக்கு ஒண்ணும் செய்யாது, விட்டுருங்க.

முடிஞ்சதும் ரெண்டு சோதனை. ஒரே கல்ல பத்து தடவை எடுத்து எடுத்து வச்சு பாருங்க, ஒரே எண்ணு வருதா இல்ல ஆடுதான்னு தெரியும். அப்புறம் தட்டோட நாலு மூலையிலயும் வச்சு பாருங்க, மூலைக்கு மூலை மாறுனா எப்பவும் நடுவுல வச்சே நிறுக்கணும். பத்து தடவையும் பத்து எண்ணு வந்தா கேலிப்ரேஷன் ஒண்ணும் காப்பாத்தாது, கடைக்கே திருப்பி விடுங்க.

குழித்துறை: கல்லு வாங்க காசு செலவு பண்ணணுமா? ரூபாய் காசு வச்சு பண்ணிரலாம்னு சொல்றாங்களே.

செக் பண்ணலாம், கேலிப்ரேட் பண்ணாண்டாம். 2011ல வந்த ரூபா சின்னம் போட்ட 5 ரூபா 6 கிராம், ரெண்டு கலர் 10 ரூபா 7.71 கிராம், பத்து காசு அடுக்குனா 77.1. ஆனா அது கை மாறி கை மாறி தேஞ்சிருக்கும், மீன் மார்க்கெட் அழுக்கும் ஏறியிருக்கும், போக 2019 டிசைன்ல எடையே மாறிப்போச்சு, அதனால பத்து காசுல ஒரு சராசரி தான் கெடைக்கும். சிரிஞ்சுல தண்ணி எடுத்து பாக்குறதும் அப்படித்தான், நம்ம ஊரு 30 டிகிரி சூட்டுல 100 மில்லி தண்ணி 99.57 கிராம் தான் இருக்கும், அது பரவால்ல, சிரிஞ்சு கோட்டுல கண்ணு வச்சு பாக்குற தப்பு அதவிட பெருசு.

கல்லு வாங்குனா எம்1 வகுப்புன்னு கேட்டு வாங்குங்க, 100 கிராம் எம்1 கல்லுக்கு அனுமதிச்ச தப்பு 5 மில்லிகிராம் தான், 0.01 மெஷினுக்கு அது தாராளம். அதுக்கு மேல எஃப்2, எஃப்1 எல்லாம் லேப்புக்கு உள்ளது, நமக்கு என்னத்துக்கு.

காசே செலவு பண்ண மாட்டேன்னா ஒரு வழி இருக்கு. துருப்புடிக்காத ஸ்டீல்ல நல்ல தடியா ஒரு போல்ட், 100 கிராம் பக்கத்துல வர்ற மாதிரி எடுத்துக்கிட்டு, தெரிஞ்ச நகைக்கடையிலயோ வடசேரி பக்கம் பழக்கமான ஆசாரிகிட்டயோ போயி, மூணு புள்ளி எண் காட்டுற மெஷின்ல நிறுத்து குடுங்கன்னு கேளுங்க. 98.364ன்னு வந்தா அத எழுதி ஒட்டி வச்சிக்கிட்டா போதும், அது தான் இனி உங்க கல்லு. மெஷின் 100 தான் கேக்கும்ங்கறதால கேலிப்ரேட் பண்ண ஆகாது, ஆனா தப்பு எவ்வளவுன்னு காட்டிக்குடுக்கும். என் மேசையில பதினாலு வருசமா ஒரு போல்ட் இருக்கு.

திங்கள்சந்தை அக்கா: வீட்டுல தேங்கா எண்ணெய் சோப்பு செய்றேன். 1 கிராம் மெஷின் போதுமா?

எக்கா, அது நீங்க எவ்வளவு செய்றீங்கங்கறத பொறுத்தது. தேங்கா எண்ணெய் 1 கிராமுக்கு காஸ்டிக் சோடா 0.183 கிராம் வேணும். 500 கிராம் எண்ணெய்க்கு 91.5, அதுல அஞ்சு சதவீதம் எண்ணெய் மிச்சம் நிக்கணும்னு கொறச்சா 87 கிராம். இதுல மெஷின் 1 கிராம் தப்பு பண்ணா நூத்துல ஒண்ணு சொச்சம் தான், அந்த அஞ்சு சதவீதத்துக்குள்ள அடங்கிரும். ஆனா சாம்பிளுக்கு 100 கிராம் எண்ணெயில பண்றீங்கன்னு வையுங்க, சோடா 17.4 தான், இதுல 1 கிராம் கூடிப்போனா கிட்டத்தட்ட ஆறு சதவீதம், மிச்சம் வச்ச எண்ணெய் மொத்தமும் போயி சோப்பு கைய கடிக்கும். அதனால சின்ன அளவுக்கு 0.1 இல்லாம எறங்காண்டாம். பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு நிறுங்க, சோடா சிந்தி மெஷினுக்குள்ள போனா அலுமினியத்த தின்னுரும், லோட் செல்லே அலுமினியம் தான். தண்ணியில சோடாவ போடணும், சோடாவுல தண்ணி ஊத்தப்படாது, உங்களுக்கு தெரியும், இருந்தாலும் சொல்லிக்கிறேன்.

பார்வதிபுரம்: மீன் தொட்டி செடிக்கு உரம் 0.5 கிராம் போடணும். துளித்துளியா போட்டா 0.00லயே நிக்குது, திடீர்னு 0.30க்கு தாவுது. மெஷின் போச்சா?

போகல. மெஷின் தன்ன தானே பூஜ்ஜியத்துல நிறுத்தி வைக்கும், தூசி, சூடு இதெல்லாம் மெதுவா ஏத்துற எடைய மறைக்குறதுக்கு. நீ பைய பைய போடுறதயும் அது தூசின்னு நெனச்சு முழுங்கிருது. சட்டுனு ஒரே தடவை போடு, இல்லாட்டி மொதல்ல ஒரு 5 ரூபா காசு தட்டுல வச்சு, டேர்னு இருக்க பூஜ்ஜியமாக்குற பட்டன அமுக்காம, 6.00ல இருந்து 6.50 வரைக்கும் போடு. பூஜ்ஜியத்த விட்டு தள்ளி நின்னா முழுங்காது.

ஆரல்வாய்மொழி: எண்ணு நிக்கவே மாட்டேங்குது அண்ணாச்சி.

முப்பந்தல்ல காத்தாடிய சுத்த வைக்குற காத்து உங்க வீட்டு ஜன்னல் வழியா வந்தா 0.01 மெஷின் எப்படி நிக்கும்! ஜன்னல சாத்துங்க, ஃபேன நிறுத்துங்க, பெரிய கண்ணாடி பாட்டில பாதியா வெட்டுனதயோ ஒரு அட்டைப்பெட்டியயோ சுத்தி வையுங்க. மொபைல் பக்கத்துல இருந்தா அதையும் தள்ளி வைக்கணும், கால் வரும்போது எண்ணு குதிக்குறத நானே பாத்திருக்கேன்.

பத்மநாபபுரம்: தாத்தா பெட்டியில திருவிதாங்கூர் சக்கரக் காசும் நாலஞ்சு பிரிட்டிஷ் வெள்ளி ரூபாயும் கெடச்சுது. வெள்ளி தானான்னு எடைய வச்சு கண்டுபுடிக்க முடியுமா?

ஆகா, இப்பத்தான் நம்ம ஏரியாவுக்கு வந்திருக்கீங்க. ஒரு காலத்துல நாமளும் திருவிதாங்கூர் கணக்குல தான் இருந்தோம், 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபா. வெள்ளிச் சக்கரம் நகத்தளவு சைஸ்ல அரை கிராமுக்கும் கீழ இருக்கும், அத 0.01 மெஷின்ல வச்சா ஒரு எண்ணு ஆடுனாலே பெரிய தப்பு, அதுக்கு 0.001 காட்டுற, 20 கிராம் வரைக்கும் உள்ள சின்ன மெஷின் வேணும்.

வெள்ளி ரூபாய்க்கு உங்க 0.01 பாக்கெட் மெஷினே போதும். எடை 11.66 கிராம், தேஞ்சிருந்தா கொஞ்சம் கொறயும். ஆனா எடை மட்டும் வச்சு நம்பிராதீங்க, போலி செய்றவனுக்கும் மெஷின் வாங்கத் தெரியும். அடர்த்திய பாருங்க. ஒரு கப்புல தண்ணி ஊத்தி மெஷின் மேல வச்சு டேர் அமுக்குங்க. காச தையல் நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடியிலயும் பக்கத்துலயும் தொடாம தொங்க விடுங்க. குமிழி ஒட்டியிருந்தா லேசா ஆட்டி விடுங்க. இப்ப மெஷின் காட்டுறது அந்தக் காசு ஒதுக்குன தண்ணியோட எடை. 91.7 சதவீத வெள்ளி காசுன்னா 1.12, 1.13 பக்கம் வரும். பித்தளையோ செம்பு நிக்கலோ மேல வெள்ளி பூசுனதுன்னா அதே 11.66 கிராமுக்கு 1.3க்கு மேல போயிரும். ரெண்டு நிமிச வேலை, காசுல ஒரு கீறல் கூட விழாது. நான் இப்படி பாத்ததுல ஒருத்தர் ஆசையா வச்சிருந்த விக்டோரியா ராணி 1.34 காட்டுச்சு, அவரு மூஞ்ச பாக்க முடியல. அது ஏன்டா செக் பண்ணோம்னு ஆயிருச்சு எனக்கு.

மார்த்தாண்டம்: தேன் பெட்டிய தெறக்காமலே தேன் ஏறுதான்னு பாக்கணும்.

பெட்டிக்கு அடியில மெஷின் வாங்க காசு நெறைய ஆகும். 50 கிலோ தொங்கு தராசு, லக்கேஜ் தூக்குறது, அது ஒண்ணு வாங்குங்க. பெட்டிய ஒரு பக்கம் மட்டும் லேசா கொக்கி போட்டு தூக்குனா பாதி எடை காட்டும், மறுபக்கம் மறுபாதி, ரெண்டயும் கூட்டிக்கோங்க. கிலோ கணக்கு சரியா வராட்டியும் பரவால்ல, ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி, சாயங்காலம் ஈ அடைஞ்ச பெறகு தூக்குனா ஏறுதா எறங்குதான்னு தெரியும். ரப்பர் துளிர் விடுற சீசன்ல பாருங்க, வாரா வாரம் கூடும்.

குலசேகரம்: வீட்டுல கேக் செஞ்சு அரைக்கிலோ, ஒரு கிலோன்னு விக்கிறேன், இதே அடுக்களை மெஷின் போதும்ல?

செய்றதுக்கு போதும், விக்குறதுக்கு ஆகாது. எடை சொல்லி காசு வாங்குனா 2009ல வந்த சட்டமுறை எடையளவு சட்டப்படி முத்திரை போட்ட மெஷின் வேணும், எலக்ட்ரானிக் மெஷினுக்கு வருசத்துக்கு ஒரு தடவை மறுமுத்திரையும் வைக்கணும். நம்ம ஊர்ல தொழிலாளர் துறை ஆபீஸ்காரங்க தான் அத பாக்குறாங்க. அடுக்களை மெஷின்ல முத்திரை போட மாட்டாங்க.

குளச்சல்: வள்ளத்துல வச்சு மீன் நிறுக்கலாமா?

அலையில வள்ளம் ஏறி எறங்கும்போது எண்ணும் கூடவே ஏறி எறங்கும். கரைக்கு வந்து நிறுங்க.

மறுபடியும் தக்கலை தம்பி: சரி அண்ணாச்சி, வாங்கிட்டேன். எப்படி பாத்துக்கணும்?

மேல ஒண்ணும் வச்சு அடுக்காத. என்னோட மொத மெஷின் அப்படித்தான் போச்சு, அலமாரியில வச்சு அதுக்கு மேல யாரோ ரெண்டு பழைய டைரிய வச்சிட்டாங்க, யாரோ என்ன, நான் தான், ஆறு மாசம் கழிச்சு எடுத்தா கட்டை வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னுட்டு, சவம் என்ன பண்ணியும் பூஜ்ஜியத்துக்கு வரல. கடல் பக்கம் வீடுன்னா உப்புக்காத்துல பேட்டரி முனை பச்சை புடிக்கும், டப்பாவுல சிலிக்கா பொட்டலம் ஒண்ணு போட்டு மூடி வை. ஒரு மாசம் எடுக்க மாட்டேன்னா பேட்டரிய கழட்டிரு.