ஊரில் இருக்கும் விவசாய நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமா?

கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். ஊரில் ஐந்து ஏக்கர். 25 வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம், சட்டம் விடுமா என்கிறார்.

பொதுவாக விடும். ஆனால் நிலம் நஞ்சையா புஞ்சையா, எந்த எல்லைக்குள் வருகிறது என்று தெரியாமல் யாரும் உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது.

நான் இருப்பது மடிப்பாக்கம், நிலம் வந்தவாசி பக்கம். இரண்டு வருஷம் முன்னால் ஒரு புரோக்கர் அப்பாவைப் பிடித்தார். உழவு வேண்டாம், களை வேண்டாம், வருஷா வருஷம் பணம். போனில் மேப்பைத் திறந்து எங்கள் நிலத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்தார். ஏரி வாய்க்காலும், பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் போகும் வண்டிப்பாதையும் அந்தக் கோட்டுக்குள்ளே!

"வேலி போட்டுட்டா அவன் எப்படிப்பா போவான்?" என்றார் அப்பா.

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்யா."

அடுத்த வாரம் லீவு போட்டு வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) அடங்கலும் (என்ன பயிர் என்ற கணக்கு) பார்த்தேன். மூன்று ஏக்கர் ஏரிப்பாசன நஞ்சை, அடங்கலில் நெல். மீதி இரண்டு புஞ்சை, வேர்க்கடலை. புரோக்கருக்கு எல்லாமே வெறும் 'ஐந்து ஏக்கர்'.

பேனல் போடுவது விவசாயக் கணக்கில் வராது. நில உபயோக மாற்றம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-இல் வந்த விதிகளும் திட்டப் பகுதிக்கு (நகரமைப்புத் திட்டத்துக்கு உட்பட்டதாக அறிவித்த பகுதி) வெளியே உள்ள விவசாய நிலத்துக்கானவை. நஞ்சை என்றால் கலெக்டர் சம்மதம் வரை போக வேண்டும். சென்னைப் பெருநகரத்தின் பழைய எல்லைக்குள் (2022-இல் விரிவாக்குவதற்கு முந்தையது) இருந்தால் வேறு கதை: 2008-இல் அமலுக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண் எந்த மண்டலம் என்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்திலேயே பார்த்துவிடலாம்.

புஞ்சையோ தரிசோ இருந்து, பக்கத்திலேயே சப்ஸ்டேஷனும் இருந்தால், 2019-இல் வந்த பி.எம்.குசும் (விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டம்) இப்போதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் நிலையம் போடலாம். ஒரு மெகாவாட்டுக்குக் குத்துமதிப்பாக நாலைந்து ஏக்கர் பிடிக்கும். விளைநிலமாக இருந்தால் உயரமான கால் நட்டு மேலே பேனல், கீழே பயிர் என்பதற்கும் அதில் இடமுண்டு.

புரோக்கரிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். உபயோக மாற்ற அனுமதி யார் செலவு? 25 வருஷம் கழித்து கான்கிரீட்டையும் இரும்புக் காலையும் யார் பிடுங்கிப் போடுவது? வாய்ப்பேச்சில் எல்லாம் கம்பெனிதான். எங்களுக்கு வந்த குத்தகை நகலில் இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

பட்டாவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்களுடையது கூட்டுப் பட்டா. வாய்க்காலை மூடுவார்கள் என்று தெரிந்ததும் சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். புரோக்கர் அதற்குப் பிறகு அப்பாவின் போனை எடுப்பதில்லை.