விண்டோஸ் 11-க்கு மாறுவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் லேப்டாப் 2019-இல் வாங்கியது. விண்டோஸ் 11 தயார் என்று அப்டேட் பக்கத்தில் காட்டுகிறது. எங்களுக்குச் செல்போன் நெட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. டவுன்லோட் பாதியில் நின்றுபோகிறது. காட்பாடியில் அண்ணன் வீட்டில் வைஃபை இருக்கிறது. அங்கே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாமா?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: தாராளமாகக் கொண்டுவரலாம். மைக்ரோசாஃப்ட் தளத்தின் விண்டோஸ் 11 டவுன்லோட் பக்கத்தில் ஐஎஸ்ஓ கோப்பு (முழு விண்டோஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) கிடைக்கும். அளவு 5 ஜிபிக்கு மேல். அங்கே தரும் லிங்க் 24 மணி நேரம்தான் செல்லும், அதனால் தினம் கொஞ்சமாக அதை இறக்க முடியாது. அண்ணன் வீட்டிலேயே ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள்.

இறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பின் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போனால் விண்டோஸ் காட்சி மொழி தெரியும். அமெரிக்க ஆங்கிலம் என்றிருந்தால் ‘இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்’, பிரிட்டன் ஆங்கிலம் என்றிருந்தால் ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ கோப்பை எடுங்கள். மாற்றி எடுத்தால், புரோகிராம்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இன்ஸ்டால் செய்யும்போது மங்கிக் கிடக்கும், அழுத்த முடியாது.

அடுத்த சிக்கல் பென்டிரைவில் வரும். கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. 16 ஜிபி டிரைவில் இடம் காலியாகவே இருந்தாலும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுத்துவிடும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துவிட்டு ஏற்றுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பை லேப்டாப்பில் காப்பி செய்து, பென்டிரைவைக் கழற்றிவிடுங்கள். கோப்பை இருமுறை கிளிக் செய்தால் தனி டிரைவாகத் திறக்கும். அதிலுள்ள ‘செட்டப்’பை ஓட்டுங்கள். முதல் திரையிலேயே, செட்டப் அப்டேட்களை எப்படி இறக்க வேண்டும் என்பதை மாற்றும் சிறிய வரி ஒன்று இருக்கும். அதை அழுத்தி ‘நாட் ரைட் நவ்’ கொடுங்கள். இல்லாவிட்டால் அன்றைய ஒன்றரை ஜிபியும் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே இன்ஸ்டாலை அழுத்துங்கள். சி டிரைவில் 25 முதல் 30 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. பூட்டபிள் பென்டிரைவ் போட்டு பூட் செய்யும் வழி உங்களுக்கு வேண்டாம். அது புதிதாக இன்ஸ்டால் செய்வது, உங்கள் புரோகிராம்கள் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: 8-ஆம் தலைமுறை ஐ3 போட்டு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ‘டிபிஎம் 2.0 இல்லை’ என்று விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. புதிய போர்டு வாங்க வேண்டுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: வாங்காதீர்கள். இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11 ஏற்கும். அசெம்பிள் போர்டுகள் பலவற்றில் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதி) இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள். கணினியை ஆன் செய்தவுடன் டெலீட் சாவியைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போங்கள். இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் இருக்கும். அதை எனேபிள் செய்யுங்கள்.

அந்தச் சூட்டோடு, கணினி எழும் பழைய முறையான லெகசி பூட்டையும் புதிய முறையான யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘டிஸ்க் 0’ மீது ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் என்று போய், டிஸ்க் எந்த முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜிபிடி (புதிய முறை) என்றிருந்தால் கவலையில்லை. எம்பிஆர் (பழைய முறை) என்றிருந்தால், யுஇஎஃப்ஐக்கு மாற்றியதும் விண்டோஸ் எழவே எழாது. பயப்பட வேண்டாம், திரும்ப லெகசிக்கு வைத்தால் எழுந்துவிடும். விண்டோஸிலேயே உள்ள ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவி டேட்டாவை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றித் தரும். முதலில் வேலிடேட் (சரிபார்ப்பு), அது தேறினால் மட்டும் கன்வெர்ட் (மாற்றம்), அதன் பிறகே யுஇஎஃப்ஐ. அதற்கும் முன்னால் கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கணினி மையத்தில் ஆறு கணினிகள், ஒரே இணைப்பு. ஆறுக்கும் தனித்தனியாக இறக்க வேண்டுமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். ஆறிலும் அப்டேட் செட்டிங்ஸில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ திறந்து, உள் நெட்வொர்க்கில் உள்ள கணினிகளிலிருந்து மட்டும் பெறும்படி வையுங்கள். முதலில் ஒன்றை முடித்து, அதை அணைக்காமல் விட்டால் மற்றவை அதனிடமிருந்தே துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளும். காட்சி மொழி ஒன்றாக இருந்தால் ஒரே ஐஎஸ்ஓ கோப்பைக் கொண்டும் ஆறையும் முடிக்கலாம்.

கேள்வி: பயாஸில் மாற்றம் செய்த பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அது பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்புகளில் உங்களைக் கேட்காமலே போட்டுக்கொள்ளும் பூட்டு. செல்போனில் அதே கணக்கில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் பாருங்கள், ரெகவரி கீ இருக்கும். பல கீ தெரிந்தால், நீலத் திரையில் உள்ள கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் பொருந்துவதை எடுங்கள். கீ எங்குமே கிடைக்காவிட்டால் அந்த டிஸ்க்கில் உள்ளதை யாராலும் மீட்க முடியாது, ‘திறந்து தருகிறேன்’ என்று எவர் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். மற்ற வாசகர்கள் பயாஸைத் தொடும் முன்பே கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்துவிடுங்கள்.

கேள்வி: நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்? பிடிக்காவிட்டால் பழைய விண்டோஸ் 10-க்குத் திரும்ப முடியுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ரீஸ்டார்ட் கேட்கும் வரை கரண்ட் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சதவீதம் ஓடும் நேரம்தான் ஆபத்து. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டும், கணினியோடு வைக்கும் சிறிய யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் அறிவித்த நாளைத் தவிர்த்துவிட்டு, வேறொரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருந்தாலும் சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.

திரும்புவதற்கு 10 நாள் அவகாசம் உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, ‘கோ பேக்’. பழைய விண்டோஸ் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் சி டிரைவிலேயே இருக்கும். இடம் பிடிக்கிறதே என்று அதை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிட்டால், இரண்டாவது நாளிலும் திரும்ப முடியாது. பிரின்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் மூன்றையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. திரும்பிப் போனால், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை தரப்படும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.