நடிகை இளைத்தது உண்மைதான், காப்ஸ்யூலால்தானா?

கேள்வி: எனக்கு 36 வயது. தைராய்டு குறைபாட்டுக்காக ஆறு ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பிரபல நடிகை ஒருவர், ஒரு மூலிகைக் காப்ஸ்யூலால் மூன்று மாதத்தில் 14 கிலோ குறைந்ததாகக் காணொளியில் சொல்கிறார். அவர் இளைத்திருப்பது கண்கூடாகத் தெரிகிறது. அதை நம்பி ஒரு புட்டி வாங்கி ஒன்பது நாட்களாகச் சாப்பிடுகிறேன். இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் படபடப்பாக இருக்கிறது, இரவில் தூக்கமும் வருவதில்லை. மூலிகைதானே, தொடரலாமா?

பதில்: சகோதரி, தொடர வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள். தைராய்டு மாத்திரை வழக்கம்போலத் தொடரட்டும். படபடப்பை “மருந்து வேலை செய்வதன் அறிகுறி” என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் இந்தப் பதிலை மேலே படிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் பெரிய கேள்வி அந்த நடிகையை நம்பலாமா என்பதுதான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மனமறிந்து உண்மையைச் சொன்னாலும் அந்த உண்மை உங்களுக்குப் பயன்படாது என்பதே என் கருத்து.

அதற்கு முன், அந்தக் காணொளியில் பேசுவது அவரே தானா என்று பாருங்கள். எடைகுறைப்பு மிட்டாய்களை அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே பரிந்துரைப்பதாக இணையம் முழுக்க விளம்பரங்கள் ஓடின. 2022-இல் அவரே திரையில் தோன்றி, அவற்றுக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு குரலையும் உதட்டசைவையும்கூடப் போலியாகச் செய்துவிடுகிறது. அந்த நடிகையின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே காணொளி இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

பேசுவது அவரே என்றால், பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறாரா என்பது அடுத்த கேள்வி. 2020-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், உடலைச் சுத்தப்படுத்தி எடையைக் குறைக்கும் என்று தேநீர் விற்ற டீமி என்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்தத் தேநீரைப் பற்றிப் பதிவு போட்ட பத்துப் பேருக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. பாடகி கார்டி பி அவர்களில் ஒருவர். நிறுவனத்தோடு தங்களுக்கு உள்ள வணிகத் தொடர்பைப் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே புகார். பணம் வாங்குவது குற்றமில்லை. ஆனால் பணம் வாங்கியவர் தரும் சாட்சியத்துக்கு என்ன எடை கொடுக்க வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இனி மூன்றாவது வகைக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இவர்கள்தான். இவர்கள் பணம் வாங்கவில்லை, தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள். ஒரு நடிகை அடுத்த படத்துக்காக இளைக்க முடிவு செய்கிறார். சமைக்க ஓர் ஆள், உடற்பயிற்சி சொல்லித்தர ஓர் ஆள், தூங்கும் நேரத்தைக் கவனிக்க ஓர் உதவியாளர் என்று ஏற்பாடு நடக்கிறது. கூடவே ஒரு காப்ஸ்யூலும் உள்ளே போகிறது. மூன்று மாதம் கழித்து எடை குறைகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். பழம் விழுந்தது நிஜம், காக்கை உட்கார்ந்ததும் நிஜம். இரண்டையும் முடிச்சுப் போட்டது மட்டுமே பிழை. அந்த முடிச்சை அவரே போட்டுக்கொண்டதால் முகத்தில் பொய்யின் சாயல் தெரியாது. நாமும் முகத்தைப் பார்த்துத்தான் நம்புகிறோம்.

காக்கையையும் பழத்தையும் பிரித்துப் பார்க்க மருத்துவத்தில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு குழுக்களை ஒரே உணவுத் திட்டத்தில் வைப்பார்கள். ஒரு குழுவுக்குக் காப்ஸ்யூல், மற்றொன்றுக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. கார்சீனியா எனப்படும் குடம்புளிச் சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று பேசப்பட்டபோது இப்படித்தான் சோதித்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில் 135 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். குடம்புளிச் சாறு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.1 கிலோ குறைந்தது. புள்ளியியல் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. முதல் குழுவிலிருந்து ஒருவரைக் காணொளியில் பேசச் சொல்லியிருந்தால், குடம்புளியால்தான் இளைத்தேன் என்று சத்தியம் செய்திருப்பார். இளைக்கவைத்ததோ இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்த உணவுக் கட்டுப்பாடு.

“சொல்பவர் நடிகை இல்லை, டாக்டர் என்றால் நம்பலாமா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் மெஹ்மத் ஓஸ் சாதாரண ஆள் இல்லை, தேர்ந்த இதய அறுவை சிகிச்சை நிபுணர். 2012-இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பச்சைக் காப்பிக்கொட்டைச் சாற்றை எடைகுறைப்புக்காகப் புகழ்ந்தார், விற்பனை எகிறியது. அந்தப் புகழ்ச்சிக்கு ஆதாரமாக நின்றது வெறும் 16 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. 2014 ஜூனில் அமெரிக்க செனட் குழு அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், பங்கேற்றவர்களின் எடை அளவுகள் மாற்றி எழுதப்பட்டிருந்ததாக வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புட்டிகள் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

உங்களுக்குக் குறைந்த இரண்டு கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. இரண்டு கிலோ கொழுப்பு ஒன்பது நாளில் கரைய வேண்டுமென்றால் நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உங்கள் வயதில் பல பெண்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒன்பது நாளும் பட்டினி கிடந்தால் ஒழிய அது நடக்காது. ஆகவே குறைந்ததில் பெரும்பகுதி நீர். கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீர் ஒட்டியிருக்கிறது. பசி மந்தமாகிச் சில நாள் குறைவாகச் சாப்பிட்டாலே அந்தச் சேமிப்பு செலவாகி நீரும் வெளியேறிவிடும், எடை இயந்திரத்தின் முள் சட்டென்று இறங்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அதே வேகத்தில் ஏறும். பேதி மருந்து கலந்த “சுத்திகரிப்பு” தேநீர்களின் வித்தையும் இதற்கு உறவுதான். உணவின் கலோரியைச் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகுதான் பேதி மருந்து பெருங்குடலில் வேலையைத் தொடங்குகிறது. அதனால் போவது நீரும் பொட்டாசியமும்தான்.

படபடப்பை நான் இவ்வளவு லேசாக விட மாட்டேன். உங்கள் காப்ஸ்யூலில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, காணொளியில் பேசிய நடிகைக்கும் தெரியாது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்த சப்ளிமெண்ட்களை, அதாவது மருந்துச்சீட்டில்லாமல் விற்கும் துணை உணவு மாத்திரைகளை, ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். லேபிளில் சொல்லாத மருந்து கலந்திருந்தவை 776. அவற்றில் ஏறக்குறைய 41 சதவீதம் எடைகுறைப்புக்கானவை. அந்த எடைகுறைப்புப் பொருட்களில் மிக அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து சிபுட்ராமின். அது ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக்கொடுத்த பசி அடக்கி. இதயநோய் அபாயம் உள்ளவர்களில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிக்கிறது என்று பெரிய ஆய்வு ஒன்று காட்டியதால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து போய்விட்டது. அதன் பக்கவிளைவுகள் என்னென்ன தெரியுமா? வேகமான நாடித்துடிப்பு, ரத்த அழுத்த உயர்வு, தூக்கமின்மை. உங்கள் கடிதத்தை ஒரு முறை நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் புட்டியில் அதுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அளவு குறிப்பிடாத காஃபீனும் இதையே செய்யும், கசப்பு ஆரஞ்சில் உள்ள சினெஃப்ரினும் செய்யலாம். எதுவென்று தெரியாமல் தினமும் விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

“மூலிகைதானே” என்ற சொல் என்னைப் போன்றவர்களைச் சோர்வடையச் செய்யும் சொல். எடைகுறைப்புக்கு விற்கப்பட்ட எஃபிட்ராவும் மூலிகைதான். மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று புகார்கள் குவிந்த பிறகு 2004-இல் அமெரிக்கா அதைச் சப்ளிமெண்ட்களில் தடை செய்தது. கிரீன் டீயை யாரும் விஷம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைச் செறிவூட்டிக் காப்ஸ்யூலில் அடைக்கும்போது கணக்கு மாறுகிறது. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சப்ளிமெண்டாக எடுத்தவர்களுக்குக் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்வதை, அதாவது கல்லீரல் பாதிப்பின் அறிகுறியை, 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சுட்டிக்காட்டியது. உங்கள் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பு காரணமின்றி அரித்தாலோ கல்லீரல் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

தைராய்டு மாத்திரை எடுக்கும் உங்களுக்கு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. இவற்றை எந்த விளம்பரமும் சொல்லாது. இத்தகைய காப்ஸ்யூல்களில் இரும்புச்சத்தோ கால்சியமோ இருந்தால் அவை தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. கடல்பாசி கலந்திருந்தால் அதிலுள்ள அயோடின் தைராய்டு சுரப்பியைத் தடுமாற வைக்கலாம். சிலவற்றில் தைராய்டு ஹார்மோனையே ரகசியமாகக் கலந்து விற்றதும் பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அது இரட்டை அளவாகிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் அதனாலும் வரும். முடிக்கும் நகத்துக்கும் என்று சேர்க்கப்படும் பயோட்டின் உடம்பைக் கெடுக்காவிட்டாலும் ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். தைராய்டு மருந்து போதாதபோது ஏறி, மிகும்போது இறங்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவைச் சில பரிசோதனை முறைகளில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர் உங்கள் தைராய்டு மருந்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடக்கூடும். ஆகவே காப்ஸ்யூலை நிறுத்திக் குறைந்தது இரண்டு நாள் கழித்துத் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், முன்பு எடுத்துக்கொண்டதை ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

எடை குறைய வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் தவறேதும் இல்லை. தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தும் எடை இறங்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. தூக்கம், மற்ற மருந்துகள், சினைப்பை நீர்க்கட்டி, மாதவிடாய் மாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

உண்மையிலேயே எடையைக் குறைக்கும் மருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஓர் அளவுகோல் தருகிறேன். செமாக்ளூடைட் ஊசியை 1,961 பேரிடம் சோதித்த ஆய்வு 2021-இல் வெளியானது. 68 வாரங்களில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இன்றைய வலுவான மருந்துகளில் ஒன்று, மருத்துவக் கண்காணிப்பில், ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு சாதிப்பது அது. மூன்று மாதத்தில் 14 கிலோ என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். திரையுலகில் இளைப்பவர்களில் சிலர் இத்தகைய மருந்துகளை எடுத்துக்கொள்கிறார்கள், எல்லோரும் அதை வெளியே சொல்வதில்லை. முன்பு சொன்ன ஓப்ராவே, எடைக்கு மருந்து எடுத்துக்கொள்வதாக 2023 டிசம்பரில்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த ஊசி உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் எடையையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். தைராய்டு குறைபாடு அதற்குத் தடையில்லை. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தாலும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வெட்கப்பட்டுக்கொண்டு காப்ஸ்யூல் விஷயத்தை மறைக்காதீர்கள், புட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். மிச்சமுள்ள காப்ஸ்யூல்களோடும் லேபிளோடும் கையில் எடுத்துப் போங்கள். இ.சி.ஜி.யில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தப் புட்டியைத்தான்.