பழைய கேமிங் பிசிக்குள் புதுச் சரக்கு: கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, ஐ5 4460 பிராசஸர், பி85 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டும் வாங்கி மாட்டினால் போதுமா? எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) 500 வாட். படம் அனுப்பியிருக்கிறேன்.

கார்டு நல்ல தேர்வு தம்பி. இடிப்பது எஸ்எம்பிஎஸ்தான். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் 500 என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்ப். பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட் லைனில்தான். கார்டுக்கு 132, பிராசஸருக்கு 84. கூட்டிப் பாருங்கள், அதே 216! விசிறிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் பட்டினிதான். அதுவும் ஸ்டிக்கர் சொல்வது உண்மை என்றால்.

இத்தனை நாள் எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். 750 டிஐ வெறும் 60 வாட் கார்டு, தனியாக ஒரு வயர்கூடக் கேட்காது. 6600-க்கு 8 பின் வயர் வேண்டும். என் முதல் பிசியில் இப்படி ஒரு டப்பா எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. அதனால் முதலில் நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் தரச்சான்று உள்ளதாக. அடுத்து சாட்டா எஸ்எஸ்டி. கார்டு மூன்றாவது. நாளைக்குப் போர்டை மாற்றினாலும் இந்த மூன்றும் கூடவே வரும்.

பழைய போர்டுக்காக வாங்குவதில் மட்டும் கையை இறுக்குங்கள். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்டில் போதும். தவறிப்போய் டிடிஆர்4 வாங்கிவிடாதீர்கள்; நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. பெரிய நகரம் சுற்றும் கேம்களில் பிராசஸர் திணறும், அது தெரிந்தே வாங்குங்கள்.

தொண்டி: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே?

பழைய போர்டுக்கு வேண்டாம். அந்தக் கார்டு போர்டோடு பேச நாலே லேன் (பாதை)தான். கார்டு மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் 4.0 ஆக உள்ள போர்டில் சமாளிக்கும், 3.0 போர்டில் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே குறையும். போதாததற்கு, கேமை ரெக்கார்டு செய்ய அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் கிடையாது.

கீழக்கரை: எங்க காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். என்னிடம் ரைசன் 5 1600, பி450 போர்டு. ரைசன் 5 5600 வாங்கிவரச் சொல்லலாமா?

தாராளமாக. சாக்கெட் அதே ஏஎம்4, 65 வாட்தான், பெட்டிக்குள்ளேயே கூலரும் வரும். வாரண்டி இங்கே செல்லுமா என்பதை மட்டும் காக்காவைக் கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் வருவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை (போர்டை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். புதியதை மாட்டிவிட்டு யோசித்தால் ஸ்க்ரீனில் ஒன்றுமே வராது. போர்டு கம்பெனியின் தளத்தில் 5600-க்கு எந்த வெர்ஷன் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பென்டிரைவில் ஏற்றி, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான்.

அப்புறம் கூலர். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால் லாக் போட்டிருந்தும் பிராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்குங்கள், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். தானாக விட்டுக் கொடுக்கும்.

தங்கச்சிமடம்: நான் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கேம் விளையாட நேரம். மற்ற மாதங்களில் பாலிதீன் கவர் போட்டு மூடி வைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் திறந்தால் டிஸ்ப்ளே வராது, ரேமைக் கழற்றி மாட்டினால் வரும். போர்டை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள் அண்ணே. போர்டு அநேகமாக நன்றாகத்தான் இருக்கும், உப்புதான் வேலை காட்டுகிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட பாலிதீன் அந்த ஈரத்தை வெளியே விடாமல் காவல் காக்கிறது. எடுத்து எறியுங்கள், பருத்தித் துணி போதும். வாரம் ஒருமுறை வீட்டில் யாரையாவது ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள், அந்தச் சூட்டிலேயே ஈரம் போகும்.

இப்போதைக்கு ரேமின் தங்கநிறப் பட்டையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேயுங்கள். துகள் ஸ்லாட்டில் விழாமல் ஊதிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கார்டுக்கும் இதே வைத்தியம். பின்பக்க யுஎஸ்பி துளைகளில் பச்சை பூத்திருந்தால், போர்டிலும் அதே பச்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அந்தப் போர்டை நம்பிப் புதுக் கார்டு வாங்காதீர்கள். கச்சான் (மேற்கிலிருந்து வரும்) காற்று அடிக்கும் ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைத்திருந்தால் இடத்தையும் மாற்றுங்கள்.

ஏர்வாடி: நாலாம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 போடலாமா? வாலரண்ட் கேம் ஓடுமா?

குறுக்கு வழியில் போடலாம், முறையாக முடியாது. 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வாலரண்ட் மட்டும்தான் உங்கள் உலகம் என்றால் புதுக் கார்டு வாங்காதீர்கள். அந்தக் காசில் செகண்ட் ஹேண்ட் பி450 போர்டும் ரைசனும் தேடுங்கள்.