கொழிஞ்சாம்பாறையில் முதியோர் பராமரிப்பு: செலவில்லாத ஆலோசனைக்கு எங்கே போவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கிறோம். 78 வயதான என் மாமியார் பக்கவாதம் வந்து ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். இப்போது ஆட்களையும் மறந்துபோகிறார். கணவர் கோவையில் மில் வேலையில் இருக்கிறார். எனக்கு இரவில் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. கோவையில் ஓர் ஆலோசகர் ஒரு முறைக்கு 1,200 ரூபாய் கேட்டார். அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மலையாளமும் எனக்குச் சரளமாக வராது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டில் உதவி தேவைப்படுபவர்கள் இரண்டு பேர், மாமியாரும் நீங்களும். எல்லையோரக் குடும்பங்கள் எதற்கும் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறிவிடுகின்றன; ஆனால் நீங்கள் கேரளத்தில் குடியிருப்பதால், வீடு தேடி வரும் இலவசச் சேவை உங்கள் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது.

முதலில் பாலியேட்டிவ் பிரிவை, அதாவது நீண்ட நாள் நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைத்துப் பராமரிக்கும் பிரிவை, நாடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே புற்றுநோயின் கடைசிக் கட்டம் என்று எண்ணி நம் மக்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கத்தால் மாதக்கணக்கில் தனியாகத் தவித்த குடும்பங்களை நான் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோழிக்கோட்டில் 1993-இல் சிலர் தொடங்கிய இந்தப் பணி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களால் ஊர் ஊராகப் பரவியது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி நிதியில், ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்து இயங்கும் பாலியேட்டிவ் சிஸ்டர், பக்கவாதத்தால் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கும் வருவார். படுக்கைப் புண்ணைக் கவனிப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைக் கற்றுத் தருவது ஆகியவற்றோடு, வீட்டாரிடம் பேசுவதும் அவருடைய பணியில் சேர்ந்ததே. உங்கள் வார்டின் ஆஷா பணியாளரிடமோ வார்டு மெம்பரிடமோ சொல்லி, மாமியாரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். சிஸ்டர் வரும் நாளில் மாமியாரின் நிலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், உங்கள் தூக்கமின்மையையும் அழுகையையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு அது தெரிய வழியில்லை.

உங்கள் மனச்சுமைக்கு, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம் என்பதால், மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்று சுகாதார நிலையத்தில் கேட்டு, நேரிலும் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அந்த நாளுக்குக் காத்திருக்காமல், உடனே 14416-ஐ அழைத்து, வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 மணி வரை இயங்கும். ஓய்வூதியம், சட்ட உதவி பற்றிய விவரங்களை அங்கே கேட்கலாம்.

பணஉதவியைப் பொறுத்தவரை, படுக்கையில் இருப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் கேரளத்தில் உண்டு. தொகை சிறியது, தாமதமும் ஆகலாம்; புதிய விண்ணப்பம் ஏற்கப்படுகிறதா என்று அங்கன்வாடியில் விசாரித்த பிறகே சான்றிதழ்களுக்கு அலையுங்கள். மொழியைப் பற்றிய அச்சமும் வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது.

மறதியை மட்டும் வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. ஓரிரு நாளுக்குள் திடீரெனக் குழப்பம் கூடினாலோ, பகலெல்லாம் தூங்கி இரவில் பிதற்றினாலோ, சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம் என்பதால், சிஸ்டரின் அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கணவர் வீட்டில் இருக்கும் நாளில் ஓர் இரவை முழுதாக அவரிடம் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் வேறு அறையில் படுத்துத் தூங்குங்கள். மருந்து கொடுக்கும் நேரத்தையும் புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், நள்ளிரவில் அவர் உங்களை எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.